முதல் கிரைம் காமெடிக் கதை எழுதுவது எப்படி? மொய்ப் பெட்டியைத் திருடிப் பார்த்தே கற்றுக்கொள்வோம்

முதல் குறும்படம், முதல் பைலட் ஃபிலிம் என்று இறங்குகிறவர்களில் பலர் கிரைம் காமெடியைத்தான் கையில் எடுக்கிறார்கள். நாலு நண்பர்கள், ஒரு வாடகை வீடு, ஒரு பழைய வண்டி இருந்தால் எடுத்துவிடலாம் என்று தோன்றுவது இயல்புதான், எடுக்கவும் முடியும். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. பார்க்கிறவர் சிரிக்க வேண்டும், அதே நேரம் இவர்கள் மாட்டிக்கொள்வார்களோ என்று பதறவும் வேண்டும், இரண்டும் ஒரே காட்சிக்குள் நடக்க வேண்டும். பெரும்பாலான முதல் முயற்சிகளில் சிரிப்பு ஒரு பக்கமும் குற்றம் ஒரு பக்கமும் நிற்கும்; பத்து நிமிடம் அரட்டை, அப்புறம் திடீரென்று ஒரு துப்பாக்கி, அப்புறம் மறுபடி அரட்டை.

நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒரே விஷயம். குற்றத்தை ஒரு சீரியஸான திரில்லருக்குக் கட்டுவதுபோல ஒழுங்காகக் கட்டுங்கள். சிரிப்பு அந்த ஒழுங்கு உடையும் இடத்திலிருந்து தானே வரும். இதை வெறும் அறிவுரையாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால், ஒரு கதையை முதலிலிருந்து உங்களோடு சேர்ந்து உருவாக்கிக் காட்டுகிறேன். 20, 25 நிமிடத்தில் முடிகிற கதை.

முதல் படி: ஜோக் யோசிக்காதீர்கள், குற்றத்தை யோசியுங்கள்

வங்கிக் கொள்ளை, போதைப் பொருள், கடத்தல் மூன்றையும் கொஞ்ச நாளைக்கு ஒதுக்கி வையுங்கள். அவை கெட்ட கதைகள் என்பதால் இல்லை. புதிதாக எழுதுகிறவருக்கு அந்த உலகங்கள் சினிமா வழியாகத்தான் தெரியும், அதனால் எழுதும்போது ஏற்கெனவே பார்த்த காட்சிகள்தான் வந்து விழும். உங்களுக்கு நேரில் தெரிந்த ஓர் இடத்தில் பணம் எங்கே சேர்கிறது, அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எந்த நேரத்தில் அவர்கள் கவனம் தவறுகிறது என்று பாருங்கள். கோயில் உண்டியல், ஏலச்சீட்டு, தீபாவளிப் பலகாரச் சீட்டு, மாட்டுச் சந்தை, பள்ளி ஆண்டுவிழா வசூல் என்று நம் ஊரிலேயே எவ்வளவோ இருக்கிறது.

நம் கதைக்கு மொய் விருந்து. தஞ்சாவூர் மாவட்டத்தில் பேராவூரணிப் பக்கமும், புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம், வடகாடு பக்கமும் ஆடி, ஆவணி மாதங்களில் இது பெரிதாக நடக்கும். பணம் தேவைப்படுகிறவர் ஊரைக் கூப்பிட்டுக் கறிவிருந்து போடுவார், வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள், அவர்கள் விருந்து வைக்கும்போது இவர் அதைவிடக் கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும். வட்டியில்லாக் கடன் மாதிரியான ஏற்பாடு. ஒரே நாளில் லட்சக்கணக்கில், சில விருந்துகளில் கோடிக்கணக்கில்கூடச் சேர்ந்ததாகச் செய்திகள் வந்திருக்கின்றன. பல இடங்களில் இப்போது கம்ப்யூட்டரில் பதிந்து ரசீது கொடுக்கிறார்கள், பணம் எண்ணும் இயந்திரம்கூட வந்துவிட்டது.

இதை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்றால், இங்கே பணத்துக்குப் பக்கத்திலேயே பணத்தைவிட முக்கியமான இன்னொரு பொருள் இருக்கிறது: மொய் நோட்டு, அதாவது யார் எவ்வளவு எழுதினார்கள் என்ற கணக்கு நோட்டுப் புத்தகம். பணம் திருடு போனால் நஷ்டம், அவ்வளவுதான். நோட்டு போனால் யாருக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்பதே தெரியாது. 500 எழுதியவர் 5000 எழுதினேன் என்பார். கதை எழுதுகிறவருக்கு இது பெரிய கொடுப்பினை. திருடப்படும் பொருளுக்கு விலையைத் தாண்டி ஓர் அர்த்தம் இருந்தால் பாதிக் கதை அங்கேயே கிடைத்துவிடும். நீங்கள் யோசிக்கும் குற்றத்திலும் இந்த இரண்டாவது பொருளைத் தேடுங்கள்.

ஆக, ஒன் லைன், அதாவது கதையின் ஒரு வரிச் சுருக்கம், இது: மொய்ப் பணத்தைத் திருடப் போன நாலு பேர் தகரப் பெட்டியைத் தூக்கி வருகிறார்கள், திறந்தால் உள்ளே இருப்பது பன்னிரண்டு வருஷத்து மொய் நோட்டுகள்.

இரண்டாம் படி: கணக்குப் போடுங்கள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மிகவும் பிடித்த படி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சினிமாவில் ஒரு கோடி ரூபாயை ஒரு சின்ன ப்ரீஃப்கேஸில் வைத்து ஒரு விரலால் தூக்கிக்கொண்டு போவார்கள். 500 ரூபாய் நோட்டில் ஒரு கோடி என்றால் 20,000 நோட்டு, அதாவது 200 கட்டு. ஒரு நோட்டு ஒரு கிராமுக்குச் சற்று மேல் இருக்கும், ஆகவே மொத்தம் 20 கிலோவைத் தாண்டும். 2000 ரூபாய் நோட்டு இருந்த காலத்தில் இந்த எடை கால்வாசியாக இருந்திருக்கும், ஆனால் 2023 மே மாதம் அதைப் புழக்கத்திலிருந்து எடுப்பதாக ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. இன்றைய கதையில் திருடர்கள் அதிக எடைதான் சுமக்க வேண்டும்.

மொய்ப் பணமோ எல்லாம் 500-ஆக வராது. நம் விருந்தில் 50 லட்சம் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் பாதி 500 ரூபாய், பாதி 100 ரூபாய். முதல் பாதி 5,000 நோட்டு, இரண்டாம் பாதி 25,000 நோட்டு. மொத்தம் 30,000 நோட்டு, சுமார் 30 கிலோ. இந்தக் கணக்கைப் போட்டவுடன் எனக்குக் கதையில் ஒரு கதவு திறந்தது: 30 கிலோ என்பது ஏறக்குறைய ஓர் அரிசி மூட்டை. விருந்து வைத்தவர் பணத்தை அரிசி மூட்டையில் போட்டுச் சமையல்கட்டு ஸ்டோர் ரூமில் மற்ற மூட்டைகளோடு வைத்துவிடுகிறார், பூட்டுப் போட்ட பெட்டியில் மொய் நோட்டுகளை வைக்கிறார். அவர் மனதில் இருக்கும் நியாயம், "பணம் போனா சம்பாதிச்சுக்கலாம், நோட்டு போனா மானம் போயிரும்." திருடர்கள் பூட்டைப் பார்த்துப் பெட்டிதான் பணம் என்று நம்புகிறார்கள். திருப்பம் என் மூளையிலிருந்து வரவில்லை, எடையிலிருந்து வந்தது.

நகைத் திருட்டு எழுதுகிறீர்களா? ஒரு பவுன் 8 கிராம். நூறு பவுன் ஒரு கிலோகூட இல்லை, சட்டைக்குள் மறைக்கலாம். அப்போது உங்கள் பிரச்சினை தூக்குவது இல்லை, விற்பது. மயக்க மருந்துக் கைக்குட்டையை மூக்கில் வைத்தவுடன் ஆள் சரிகிற காட்சி வேண்டுமா? குளோரோஃபார்ம் அப்படி நொடியில் வேலை செய்யாது, சில நிமிடமாவது பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சில நிமிடமும் பிடித்தவரும் பிடிபட்டவரும் என்ன செய்வார்கள் என்று யோசித்தால் உங்களுக்கு ஒரு முழு சீன் கிடைக்கும்.

சட்டத்தையும் படியுங்கள். யாரையும் மிரட்டாமல் எடுத்தால் திருட்டு, பொதுவாக மூன்று வருஷம் வரை தண்டனை. மிரட்டியோ அடித்தோ பறித்தால் வழிப்பறிக் கொள்ளை, பத்து வருஷம் வரை போகும். அதையே ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை, ஆயுள் தண்டனைவரை போகலாம். நாலு பேருக்கும் ஐந்து பேருக்கும் நடுவில் சட்டம் இவ்வளவு பெரிய கோடு போட்டிருக்கிறது. நம் கும்பலில் ஒருவர் ஓய்வுபெற்ற வக்கீல் குமாஸ்தா என்று வையுங்கள். ஐந்தாவதாக கும்பலின் ஆட்டோ டிரைவருடைய மைத்துனன் "நானும் வர்றேன்" என்று வந்து நிற்கும்போது அவர் எப்படிப் பதறுவார்! 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்து எண்களெல்லாம் மாறிவிட்டன. திருட்டுக்கு 379, கொள்ளைக்கு 392, கூட்டுக்கொள்ளைக்கு 395 என்று முப்பது வருஷமாக மனப்பாடமாக வைத்திருந்தவர் இப்போது 303, 309, 310 என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார். இப்படி ஒரு ஆள் கிடைக்க நான் எந்த ஜோக்கும் யோசிக்கவில்லை பாருங்கள்.

மூன்றாம் படி: ஆட்கள்

ஒவ்வொருவருக்கும் மூன்று விஷயம் எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு பணம் வேண்டும், எதற்கு. அவருக்கு மட்டும் தெரிந்த வேலை என்ன. எதை மட்டும் அவர் செய்யவே மாட்டார்.

"கடனில் இருக்கிறான்" என்று எழுதினால் போதாது. நம் லோடு ஆட்டோ டிரைவர் முன்பு தென்னந்தோப்பு வைத்திருந்தவர். 2018 நவம்பர் கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்தில் தென்னைகள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. அவர் தோப்பும் போனது. ஆட்டோவுக்கு வாங்கிய கடனில் நாலு தவணை பாக்கி. இப்போது அவர் திருடப் போகும்போது பார்வையாளர் அவர் பக்கம் நிற்பார், நின்றால்தான் அவர் தடுமாறும்போது சிரிப்போடு பயமும் வரும். தற்காலிக ஆசிரியை ஒருவர் இருக்கிறார், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், அதனால் ஊரில் எல்லா விருந்துக்கும் மொய் எழுத அவரைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே ஆள் அவர்தான். மூன்றாவது, மைக் செட்காரர். விருந்தில் யார் வந்தாலும் பெயர் சொல்லி வரவேற்பார், நடுநடுவே வண்டிச் சாவியைத் தொலைத்தவர் மேடைக்கு வரவும் என்று அறிவிப்பார். கும்பலின் சிக்னல் எல்லாம் அவர் மைக்கில்தான். நாலாவது நம் குமாஸ்தா.

கடைசி விஷயம், எதைச் செய்ய மாட்டார் என்பது, இந்த வகைக்கு உயிர். 2013-இல் நலன் குமாரசாமி இயக்கிய 'சூது கவ்வும்' படத்தில் கடத்தல்காரருக்குத் தனக்கென்று விதிகள் உண்டு. அதிகாரத்தில் இருப்பவர்களின் பக்கம் போகக் கூடாது என்பது அதில் ஒன்று. அமைச்சரின் மகனைத் தூக்கும்போது அந்த விதி உடைகிறது, அங்கிருந்து கதை தடம் மாறிப் பாய்கிறது. ஒருவர் தன் விதியை நேர்மையாக நம்ப வேண்டும், கதை அதை மீற வைக்க வேண்டும். நம் ஆசிரியையின் விதி: கணக்கில் ஒரு ரூபாய்கூடத் தப்பாக எழுத மாட்டார். திருட வந்தவர்தான், ஆனால் தப்பாக எழுத மாட்டார். அதை அவர் மிகவும் சீரியஸாகச் சொல்ல வேண்டும்.

இங்கேயே ஒரு விஷயம். யாரை இழப்புக்கு ஆளாக்குகிறீர்கள் என்று பாருங்கள். கூலி வாங்கி வருகிறவரின் சம்பளத்தைப் பறிக்கிற கதையில் எவ்வளவு நல்ல வசனம் எழுதினாலும் சிரிப்பு வராது. ஒருவரின் உடம்பையோ நிறத்தையோ சாதியையோ வைத்துச் சிரிக்க வைக்கிற பழக்கத்தையும் முதல் படத்திலேயே விட்டுவிடுங்கள். அதில் எழுத்தாளரின் வேலை எதுவும் இல்லை, பார்க்கிறவர்களில் பாதிப் பேருக்கு வலிக்கும்.

நான்காம் படி: திட்டத்தைச் சொல்வதா, மறைப்பதா?

இதற்கு ஒரு பழைய கைமுறை உண்டு, பெரும்பாலும் சரியாகவே வேலை செய்யும். திட்டம் பலிக்கப் போகிறது என்றால் பார்வையாளரிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். தோற்கப் போகிறது என்றால் மிச்சம் வைக்காமல் சொல்லிவிடுங்கள். எது எப்படி நடந்திருக்க வேண்டும் என்று தெரிந்தால்தான் அது எங்கே கோணுகிறது என்பது தெரியும்.

1958-இல் மரியோ மொனிச்செல்லி எடுத்த இத்தாலியப் படம் ஒன்றில், அடகுக்கடைக்குப் பக்கத்து வீட்டில் புகுந்து சுவரை உடைப்பது திட்டம். கும்பல் மாதிரிப் பெட்டகத்தை வைத்துப் பாடம்கூடக் கற்கிறது. கடைசியில் உடைத்துப் பார்த்தால் அது தப்பான சுவர், அந்தப் பக்கம் அதே வீட்டின் சமையலறை. அவர்கள் உட்கார்ந்து அங்கே இருந்த சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்கள். அறுபது வருஷத்துக்கு மேலாகியும் அந்தக் காட்சி பேசப்படுவதற்குக் காரணம், அதற்கு முன்னால் எந்தச் சுவர், ஏன் அந்தச் சுவர் என்று படம் நமக்குப் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்திருப்பதுதான்.

நம் கதையில் திட்டம் இது. மாலை நாலு மணிக்கு மொய் எழுதுவது முடியும். ஆசிரியை நோட்டை மூடுவதே முதல் சிக்னல். மைக் செட்காரர் சாவி தொலைந்த அறிவிப்பைச் சொல்வார், எல்லோரும் தங்கள் பையைத் தொட்டுப் பார்க்கும் அந்த அரை நிமிடத்தில் குமாஸ்தா பின்பக்க அறைக்குள் போவார். டிரைவர் சமையல் பாத்திரம் ஏற்றுகிற சாக்கில் ஆட்டோவைப் பின்வாசலில் நிறுத்தியிருப்பார். இதை ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசும் ஒன்றரை நிமிடக் காட்சியாக எழுதுங்கள். யாரும் சிரிக்கக் கூடாது, யாரும் கிண்டல் செய்யக் கூடாது.

ஐந்தாம் படி: எங்கே கோணுகிறது

கோணலுக்கு ஒரே ஒரு வேர் இருக்கட்டும், மற்றவை அதிலிருந்து கிளைக்கட்டும். நம் வேர், பூட்டுப் பெட்டியில் பணம் இருக்கும் என்ற நம்பிக்கை. தற்செயல் நிகழ்ச்சிகள் வரலாம், ஆனால் அவை ஆட்களைச் சிக்கலில் தள்ளத்தான் வர வேண்டும். சிக்கலிலிருந்து தூக்கிவிடத் தற்செயல் வந்தால் பார்வையாளர் உடனே விலகிவிடுவார்.

யோசித்துப் பாருங்கள். குமாஸ்தா பெட்டியைத் துணி சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு பின்வாசலுக்கு வருகிறார். அங்கே விருந்து வைத்தவரின் அப்பத்தா. மொய் விருந்தில் சாப்பிடாமல் யாரையும் விட மாட்டார்கள். "என்னய்யா, சாப்பிடாம கிளம்புறே?" என்று பிடித்துப் பந்தியில் உட்கார வைத்துவிடுகிறார். பெட்டி மடியில் இருக்கிறது, இலையில் கறிக்குழம்பு விழுந்துகொண்டே இருக்கிறது, மைக்கில் மூன்றாவது முறையாகச் சாவி தொலைந்த அறிவிப்பு. யாரும் ஜோக் சொல்லவில்லை. எல்லோரும் அவரவர் வேலையை அக்கறையாகச் செய்கிறார்கள், அதனாலேயே அந்த இடம் தாங்க முடியாததாக ஆகிறது.

அப்புறம் பெட்டியைத் திறக்கிற காட்சி. இங்கே பாதியில் இருக்கிறோம். பெரும்பாலான முதல் கதைகள் இந்தத் திருப்பத்தையே கிளைமாக்ஸாக வைத்து முடித்துவிடும். வைக்காதீர்கள். இரண்டாம் பாதியில்தான் நோட்டு தன் வேலையைக் காட்டும். மறுநாள் ஊரில் 500 எழுதியவர்களெல்லாம் 5000 என்கிறார்கள். இன்னொரு பக்கம், பழைய நோட்டுகளில் விருந்துக்காரருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியவர்கள் பெயர் இருக்கிறதே, அவர்கள் அந்த நோட்டு எரிந்துபோனால் நல்லது என்று ரகசியமாகத் திருடர்களைத் தேடுகிறார்கள். எந்த நோட்டை எடுத்தாலும் அதை வாங்க ஆள் இருக்கிறது, ஆனால் விற்றால் யாருடைய மானமாவது போகும். அதில் ஒரு பக்கத்தில் டிரைவருடைய அப்பா பெயரும் திருப்பிச் செய்யாத ஒரு தொகையும் இருக்கிறது.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, ஒரு கூர்மையான பார்வையாளர் என்ன கேட்பார் என்று எழுதுங்கள். "மொய் எழுதிய டீச்சரையே கேட்கலாமே?" நியாயமான கேள்வி. ஓட்டையை மூடப் பார்ப்பதைவிட அதையே ஒரு சீனாக்கிவிடுவது நல்லது. மறுநாள் காலையில் ஊரே பிஸ்கட் பாக்கெட்டும் பழத்தட்டுமாக டீச்சர் வீட்டு வாசலில் நிற்கிறது, ஆளுக்கு ஒரு தொகையை "ஞாபகப்படுத்த". கணக்கில் ஒரு ரூபாய்கூடத் தப்பாகச் சொல்ல மாட்டேன் என்ற அவருடைய விதி இங்கேதான் சோதிக்கப்படுகிறது. "கம்ப்யூட்டர் ரசீது கொடுத்திருப்பார்களே?" என்று இன்னொருவர் கேட்பார். அதற்கு முதல் காட்சியிலேயே ஒரு வரி போதும்: விருந்துக்காரர் கம்ப்யூட்டர்காரரைத் திருப்பி அனுப்புகிறார், "எங்க அப்பா காலத்துலேருந்து நோட்டுதான்."

பணம் எங்கே? அரிசி மூட்டையோடு மூட்டையாக டிரைவரே அதைத் தன் ஆட்டோவில் ஏற்றிச் சமையல்காரர் வீட்டில் இறக்கிவிட்டு வருகிறார். "ஒரு மூட்டை மட்டும் கொஞ்சம் கனம்" என்று திட்டிக்கொண்டேதான் இறக்குகிறார். இதைப் பார்வையாளருக்குக் காட்டிவிட வேண்டும், கும்பலுக்குத் தெரியக் கூடாது. பார்வையாளருக்குத் தெரிந்தது கதாபாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பதுதான் பயத்துக்கும் சிரிப்புக்கும் பொதுவான எந்திரம். அந்த மூட்டையின் மேல் உட்கார்ந்து டிரைவர் தவணைக்குக் கடன் கேட்டு போன் பேசினால், காட்சியில் நீங்கள் கூடுதலாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

முடிவை நான் இப்படி வைப்பேன்: பெட்டியைத் திருப்பி வைத்தாக வேண்டும் என்று நாலு பேரும் முடிவெடுக்கிறார்கள், இப்போது வீட்டில் நாலு பேர் காவல். திருடியதைவிடத் திருப்பி வைப்பது கடினம். ஐந்தாவது ஆள் இல்லாமல் முடியாது. குமாஸ்தா மைத்துனனை ஏறிட்டுப் பார்க்கிறார். உங்களுக்கு வேறு முடிவு தோன்றலாம், தாராளமாக.

ஆறாம் படி: போலீஸ்

முட்டாள் போலீஸை எழுதாதீர்கள். துரத்துகிறவர் புத்திசாலியாக இருந்தால்தான் ஓடுகிறவருக்கு வேர்க்கும். சின்ன ஊர் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் ஏட்டும் எஸ்.எஸ்.ஐ.யும் (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) விஷயத்தைப் பாதி கண்டுபிடித்திருப்பார்கள், ஏனென்றால் அவர்களும் அந்த விருந்தில் சாப்பிட்டவர்கள். ஏட்டு 1000 ரூபாய் மொய் எழுதியிருக்கிறார், அவருக்கும் நோட்டு கிடைத்தாக வேண்டும். இப்படித் துப்புத் துலக்குகிறவருக்கும் ஒரு சொந்தக் காரணம் கொடுங்கள்.

இன்றைய கதையில் கேமரா, செல்போன் டவர், தேசிய நெடுஞ்சாலை என்றால் ஃபாஸ்டேக், பணம் அனுப்பினால் யுபிஐ என்று எல்லா இடத்திலும் தடயம் விழும். இவற்றை ஒவ்வொன்றாகச் சமாளித்துவிட்டீர்களா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நம் மண்டபத்தில் கேமரா உண்டு, ஆனால் அது பந்தியைப் பார்த்து வைத்திருக்கிறது, செருப்பு திருடு போகிறதே என்று ஒன்று வாசலில். பின்வாசலில் இல்லை. அதோடு ஒரு கடிகாரத்தையும் சட்டமே தருகிறது: கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். உங்கள் கதையில் ஒருவர் பிடிபட்டால் மற்றவர்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது தெளிவாகிவிடும்.

ஏழாம் படி: வசனம்

கவுன்ட்டர் எழுதுகிற ஆசை எல்லோருக்கும் வரும். முதல் வரைவில் அதை அடக்கி வையுங்கள். ஒருவர் ஒன்று சொல்ல, இன்னொருவர் அதற்கு மேல் ஒன்று சொல்ல, மூன்றாமவர் முத்தாய்ப்பு வைக்க என்று போனால் அந்த ஆட்களுக்கு ஆபத்தே இல்லை என்று பார்வையாளருக்குத் தெரிந்துவிடும். ஜெயிலுக்குப் போகப் பயப்படுகிறவர் சிரிக்க வைக்கப் பேச மாட்டார். தன் பயத்தைப் பேசுவார், அது நமக்குச் சிரிப்பாக இருக்கும். உதாரணத்துக்கு, பெட்டியைத் திறந்த பிறகு:

"இது என்ன டீச்சர்?"

"2013 ஆவணி."

"பணம் எங்க?"

"இதுல எழுதியிருக்கு."

"எவ்வளவு எழுதியிருக்கு?"

"மொத்தம் போட்டுச் சொல்லவா?"

இதில் யாரும் விளையாடவில்லை. டீச்சர் கேட்ட கேள்விக்கு அவர் குணப்படி பதில் சொல்கிறார். பேச்சு மொழியை அந்த ஊரிலிருந்தே எடுங்கள். யார் யாரை மாப்ள என்பார், யார் யாரை அண்ணே என்பார், டீச்சரை எல்லோரும் டீச்சர் என்றுதானே கூப்பிடுவார்கள் என்பதை முதலிலேயே ஒரு தாளில் குறித்துக்கொண்டால் பாதி வசனம் தானாக வரும்.

எட்டாம் படி: தாளில் எழுதுவதும் எடுப்பதும்

முதலில் சீன் ஆர்டர், ஒரு சீனுக்கு இரண்டு வரி. அதைப் படித்தாலே கதை புரிய வேண்டும். அப்புறம்தான் வசனம். ஒரு பக்கம் ஒரு நிமிடம் என்ற கணக்கு ஆங்கிலத் திரைக்கதை வடிவத்துக்குச் சொல்வது. தமிழில் எழுத்துருவையும் தாளையும் பொறுத்து மாறும், அதனால் நம்பாதீர்கள். உரக்கப் படித்துப் போனில் நேரம் பாருங்கள். கறிப் பந்திக் காட்சி மாதிரி பேச்சே இல்லாத இடங்களைப் படிக்கும்போது அந்த நேரத்தையும் மௌனமாக விட்டுப் படியுங்கள்.

எடுக்கும்போது, உடம்பால் நடக்கிற காமெடியைக் கொஞ்சம் தள்ளி நின்று வைடில் எடுங்கள். மடியில் பெட்டி, எதிரே இலை, பின்னால் அப்பத்தா மூன்றும் ஒரே ஃபிரேமில் இருந்தால்தான் அந்தக் காட்சிக்குப் பொருள். துண்டு துண்டாக குளோசப் வைத்தால் எடிட்டிங்கில் எவ்வளவு போராடினாலும் திரும்பி வராது. சிரிப்பு வரும் இடத்தில் "டொய்ங்" சத்தம் சேர்க்க வேண்டாம், பதற்றமான இசையே அங்கேயும் ஓடட்டும்.

பொம்மைத் துப்பாக்கியோ கத்தியோ வைத்துப் பொது இடத்தில் எடுப்பதானால் அந்தப் பகுதி காவல் நிலையத்தில் முன்கூட்டியே தகவல் சொல்லி அனுமதி கேளுங்கள். ஏ.டி.எம்., பேருந்து நிலையம், நகைக்கடை வாசல் பக்கம் ரகசியமாக எடுக்கவே கூடாது. உண்மை என்று நம்பி ஒருவர் ஓடி விழுந்தால்கூட அது உங்கள் பொறுப்பு. தனியார் மண்டபம் என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள், வாய்வார்த்தை போதாது.

ஒன்பதாம் படி: படித்துக் காட்டுங்கள், பதிவு செய்யுங்கள்

உங்கள் நண்பர்களை மட்டும் கூப்பிடாதீர்கள், அவர்கள் உங்கள் குரலுக்கே சிரிப்பார்கள். உங்களை அதிகம் தெரியாத நாலைந்து பேரை உட்கார வைத்து, வேறொருவரைப் படிக்கச் சொல்லி, நீங்கள் ஓரத்தில் இருந்து குறித்துக்கொள்ளுங்கள். எங்கே சிரித்தார்கள் என்பதைவிட எங்கே போனை எடுத்தார்கள் என்பது முக்கியம். படித்து முடித்ததும் ஒரே கேள்வி கேளுங்கள்: "இவங்க திட்டம் என்ன, அது எங்க தப்பாப் போச்சு?" அதை அவர்களால் வரிசையாகச் சொல்ல முடியவில்லை என்றால் நாலாம் படிக்குத் திரும்பிப் போங்கள், வசனத்தைத் தொடாதீர்கள்.

வரைவு நிலைத்தபிறகு யாரிடமும் கொடுப்பதற்கு முன் பதிவு செய்துவிடுங்கள். மத்திய அரசின் பதிப்புரிமை (காப்பிரைட்) அலுவலகத்தில் இலக்கியப் படைப்பாக ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம். தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகி அங்கேயும் பதியலாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், வெறும் ஐடியாவுக்குப் பதிப்புரிமை கிடையாது என்று 1978-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை நீங்கள் எழுதிய விதத்துக்குத்தான் பாதுகாப்பு. ஆகவே ஒன் லைனோடு போய்ப் பதியாதீர்கள், காட்சிகளும் வசனமும் உள்ள முழு வரைவைப் பதியுங்கள். தேதியிட்ட பழைய வரைவுகளையும் அழிக்காமல் ஒரு ஃபோல்டரில் போட்டு, உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.